குளிர் பழகின பிள்ளைகள்

மலைப்பாதையில் மண் சரிந்த அன்றைக்குத்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். ஐப்பசி மழை. சேலத்திலிருந்து ஏறிய எங்கள் பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. எதிரே செம்மண்ணும் பாறையும் வேரோடு சாய்ந்த ஒரு சில்வர் ஓக் மரமும் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தன. பஸ்ஸுக்குள் குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்திருந்த நேரத்தில், சரிந்த மண்ணின் மேலேயே கால் வைத்து, தலையில் கூடையோடு ஒரு பெண் இறங்கி வந்தார். பின்னாலேயே அவருடைய மகனும் மகளும் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். பன், அவித்த முட்டை, தண்ணீர் பாட்டில், தலையில் போட்டுக்கொள்ள அளவாக வெட்டிய பிளாஸ்டிக் தாள்.

"இன்னும் விழுமுங்க," என்று டிரைவரிடம் சொன்னார். "மேல ஈரம் ஊறிப்போய்க் கெடக்குது. இப்போதைக்கு யாரும் நகர முடியாது."

அந்தக் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. இரக்கமும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற பதத்துக்கு வந்துவிட்டதா என்று செடியைப் பார்ப்பவர் போல மலைச்சரிவை நிமிர்ந்து பார்த்தார். நான் முட்டை வாங்கிச் சாப்பிட்டேன். உப்பும் மிளகும் கூடத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது அது. ஏரிக்குப் போகிற வழியில் அவர் கம்பளிக்கடை வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஊரே அக்கா என்றது. நானும் அக்கா என்றேன். பெயரைச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் எழுதவில்லை.

எது நடந்தாலும் அக்காவுக்கு முதலில் ஒரே ஒரு கேள்விதான் வரும். "இப்ப ஆளுங்களுக்கு என்ன வேணும்?" கரண்ட் போனாலும், லாரி கவிழ்ந்தாலும், யார் வீட்டிலாவது சாவு விழுந்தாலும் அதே கேள்வி. மற்றவர்கள் ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பதிலையும் கண்டுபிடித்திருப்பார். ஊரடங்குக் காலத்தில் கடைத்தெருவே பூட்டிக் கிடந்தபோது, துணிக்கடைக்காரரிடம் விற்காமல் தேங்கிக் கிடந்த உள்பாவாடைகளை வெட்டி முகக்கவசம் தைத்தார். நாகலூர்ப் பக்கம் மரத்திலேயே அழுகிக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பால்வண்டியில் கீழே அனுப்பி, திரும்புகிற வண்டியில் அரிசி ஏற்றிவந்தார். அந்த நாட்களில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிந்ததற்கு அவர் ஒரு காரணம். கையில் காசில்லாதவர்களுக்கும் கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

கடை வைத்த கதையை அவரே ஒருமுறை சொன்னார், எந்தத் தயக்கமும் இல்லாமல், ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டே. அவர் கணவர் எஸ்டேட்டில் நிழல்மரங்களின் கிளை கழிக்கிற வேலை பார்த்தவர். ஒரு மார்கழி மாதம் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

"கீழ இருந்து சொந்தக்காரங்க அம்பூட்டுப் பேரும் வந்துட்டாங்க டீச்சர். சேலத்து வெயில்ல இருந்து அப்படியே பருத்திச் சேலையும் வேட்டியுமா ஏறி வந்தவங்க. ஊட்டுக்கு வெளிய நின்னு நடுங்குறாங்க. அழுகறாங்களா நடுங்கறாங்களான்னே தெரியல. நான் அவர் தலைமாட்டுல உக்காந்து பாத்துட்டே இருந்தனுங்க. இந்த மலைக்கு வர்ற யாருக்கும் குளிருமுன்னு நெனப்பு இல்லயே, ஒரு கம்பளிக்கடை போட்டா என்னன்னு அப்பத்தான் தோணுச்சு."

சொல்லிவிட்டு, அடுக்கிய ஸ்வெட்டர்களின் மேல் கையை வைத்து அழுத்தினார். அந்த யோசனைதான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது. இருந்தாலும் அன்றைக்குக் கடையிலிருந்து கிளம்பும்போது திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்தேன்.

எங்களூரில் ஸ்டீபன் என்று ஒருவர் நாடகம் போடுவார். கல்லூரி ஒன்றில் அலுவலக வேலை, மனமெல்லாம் மேடைமேல். ஒரு வருடம், டிவியில் இரவும் பகலும் ஏதோ ஒரு தேசத்தின் கட்டிடங்கள் இடிந்து விழுவதைப் பார்த்துப் பார்த்து, போருக்கு எதிராக ஒரு நாடகம் எழுதினார். இரண்டு படைகள் சண்டை போடுகிற ஒரு மலை. இரண்டு பக்கத்துக்கும் கம்பளி விற்றுப் பிழைக்கிற ஒரு தாயும் அவள் பிள்ளைகளும். போர் நீள நீள வீட்டில் சோறு கூடுகிறது, பிள்ளைகள் குறைகிறார்கள். வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு.

மேடைக்குக் கம்பளி இரவல் கேட்டு நானும் ஸ்டீபனும் அக்கா கடைக்குப் போனோம். கதையைச் சொல்லச் சொன்னார். நின்றபடியே முழுதும் கேட்டார்.

"அந்தம்மாவா யாருங்க நடிக்கறது?"

"இன்னும் ஆள் அமையலைங்க அக்கா."

"நானே நடிக்கறனுங்க. எம்பிள்ளைங்களே அந்தப் பிள்ளைங்களா வரட்டும். கம்பளிக்கு வாடகை வேண்டாம். கடைப் பேரை மட்டும் நோட்டீஸுல போட்டுருங்க."

ஸ்டீபனுக்குச் சிரிப்பு. ஆனால் முதல் ஒத்திகையிலேயே சிரிப்பு நின்றுபோனது. பங்குக் கோயில் மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, அவர் தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தபோது நடிப்பு என்றே தோன்றவில்லை. மகன் அருள் மூத்த பிள்ளையாகவும் மகள் மெர்சி இளையவளாகவும் வந்தார்கள். அருளுக்கு அப்போது இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுவான். அம்மா சொல்வதைக் கேட்டுவிட்டு லேசாகச் சிரிப்பான். பிறகு அதைச் செய்வான்.

ஒரே ஒரு காட்சியில்தான் சண்டை வந்தது. ஒரு சிப்பாய் அந்தத் தாயிடம் கம்பளி வாங்க வருகிறான். அவன் மேலே கிடக்கிற பழைய கம்பளி, அவள் தன் மகனுக்குப் போர்த்தி அனுப்பியது. அதை அடையாளம் கண்டு அவள் கதறி அழ வேண்டும் என்று ஸ்டீபன் எழுதியிருந்தார்.

"இவ அழமாட்டாங்க," என்றார் அக்கா.

"பெத்த பிள்ளை செத்துட்டான்னு தெரியுது அக்கா. அழாம எப்படி?"

"வாங்க வந்தவன் முன்னாடி அழுதா அவன் வாங்காம போயிருவான். இவளுக்கு அது தெரியும். அவன் போற வரைக்கும் அழமாட்டா. அவன் போறதுக்குள்ள அடுத்தவன் வந்துருவான்."

"அந்த இடத்துல அழலைன்னா நாடகமே இல்லைங்க."

மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மெர்சி, யாரையும் பார்க்காமல், "எங்கப்பா செத்தப்பவே அம்மா அழலைங்க சார்," என்றாள். ஸ்டீபன் அடுத்த காட்சிக்குப் போகச் சொன்னார்.

அந்த மாதத்தில்தான் சேலத்திலிருந்து ஒரு ஏஜெண்டு வந்தான். நன்றாக உடுத்தியிருந்தான், பேச்சு மெதுவாக இருந்தது. வடக்கே, பனி கொட்டுகிற ஒரு நாட்டில் ராணுவ முகாம்களுக்கு ஆள் வேண்டும் என்றான். சமையலுக்கு, மூட்டை இறக்க, வண்டி ஓட்ட. சண்டை நடக்கிற இடத்திலிருந்து வெகுதூரம், துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்காது என்றான். சமவெளிப் பையன்கள் அந்தக் குளிருக்குத் தாங்கமாட்டார்கள். குளிர் பழகின பிள்ளைகளாக வேண்டும் என்று மலைக்கு ஏறி வந்திருந்தான். அவன் விசாரித்த முதல் இடம் அக்காவின் கடை.

முதலில் அக்கா அவனுக்கு விற்றது துணி மட்டும்தான். போகிற பையன்களுக்கு உள்ளே போடுகிற, சூடு காக்கிற துணி, கையுறை, காதுமூடி, கனமான காலுறை. லூதியானாவிலிருந்து வரவழைத்தார். பிறகு பையன்களையே அவர்தான் சொல்லிவிட்டார். நாகலூரில் இன்னார் மகன் சும்மா இருக்கிறான், கிளியூரில் இன்னார் மகன் நன்றாகச் சமைப்பான் என்று. ஒவ்வொரு பையனுக்கும் ஏஜெண்டிடமிருந்து அவருக்குக் கமிஷனாக ஏதோ கிடைத்தது. முதலில் போன இரண்டு பேர் ஒழுங்காகப் பணம் அனுப்பினார்கள். ஒருவன் வீட்டில் ஓட்டுக்கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டார்கள். அப்புறம் அக்கா யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீபனுக்கு இது பொறுக்கவில்லை. ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேவிட்டார்.

"அக்கா, நம்ம நாடகம் சொல்றதே இதைத்தானுங்களே. உங்களுக்குத் தோணலையா?"

அக்கா கோபப்படவில்லை. "அந்தம்மா சண்டைக்காரனுக்கு விக்கறா. நான் சோறாக்கப் போற பையனுக்கு விக்கறேன். ரெண்டும் ஒன்னுங்களா?" என்றார். பிறகு, "அங்க சண்டைய நானா மூட்டுனேன்? அது பாட்டுக்கு நடக்குது. நடக்கற எடத்துல ஆளுங்களுக்குச் சோறு வேணும்," என்றார்.

கிளியூரிலிருந்து செல்வம் என்ற பையனின் அம்மா வந்த நாள் நான் கடையில் இருந்தேன். என் அண்ணன் மகளுக்கு ஒரு குல்லாய் வாங்கப் போயிருந்தேன். அந்த அம்மாள் எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவர். கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றார்.

"ஏனுங்க, எம்பையன் போறேன் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். நீங்க சொன்னாத்தான் அனுப்புவேன். பயமில்லைங்களே?"

"என்ன பயம்? சமையக்கட்டுல நிக்கப் போறான்."

"டிவில பாத்தா குண்டு போடறாங்களேங்க."

"அது எங்கியோ. இங்க மண்ணு சரிஞ்சா சேலத்துல இருக்கறவன் செத்தா போறான்?"

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு மிகவும் பணிவாக, கேட்கக் கூடாததைக் கேட்கிறோமோ என்கிற முகத்தோடு கேட்டார்: "உங்க பையனா இருந்தா அனுப்புவீங்களா?"

அருள் உள்ளே ஏணிமேல் நின்று மேல்தட்டிலிருந்து சால்வைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தார். அதிக நேரமில்லை. யோசிக்கிற முகமாகவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொருளுக்கு விலை சொல்வதற்குமுன் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"அனுப்பறேன்," என்றார். "அருளும் போறான். உம்பையனும் அவனும் ஒன்னாப் போகட்டும்."

அருள் கையில் சால்வையோடு திரும்பினான். அவனுக்கு அது அந்த நிமிடம்தான் தெரியும் என்பது முகத்தில் எழுதியிருந்தது. வழக்கம்போல லேசாகச் சிரித்தான். கிளியூர் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் குல்லாயை வாங்காமலே வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் இருவரும் கிளம்பினார்கள். பஸ் நிலையத்தில் அக்கா மகனுடைய கழுத்து மஃப்ளரை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். "காத நல்லா மூடிக்க சாமி. குளிரு காது வழியாத்தான் உள்ள போகும்," என்றார். நாடகத்தில் அருளின் இடத்துக்கு ஸ்டீபன் வேறொரு பையனைப் போட்டார்.

முதல் வாரங்களில் அருள் வீடியோவில் பேசுவான். அக்கா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனைத் திருப்பிக் காட்டுவார். பனி மூடிய மைதானம், பெரிய பெரிய பாத்திரங்கள், செல்வம் பின்னால் நின்று கையாட்டுவான். ஒருநாள் அருள் ராணுவக்காரர்கள் போடுகிற பச்சைப் புள்ளிச் சட்டையில் தெரிந்தான்.

"என்னடா இது வேஷம்?"

"இங்க எல்லாரும் இதத்தான் போட்டுக்கணுமாம்மா. ஏதோ பயிற்சிங்கறாங்க. கையெழுத்து வாங்கிட்டாங்க. அதுல என்ன எழுதிருக்குன்னு எங்களுக்குப் படிக்கத் தெரியல."

அக்கா போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், "அந்தச் சட்டை குளிருக்குத் தாங்குதா?" என்று கேட்டார். வேறு எதையும் கேட்கவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டொரு முறை பேசினான். பேச்சு பாதியில் அறுந்துபோனது. பிறகு போனே வரவில்லை. சேலத்து ஏஜெண்டின் எண்ணும் அணைந்துவிட்டது. பையன்களின் வீட்டார் ஒவ்வொருவராகக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அக்கா எல்லோருக்கும் டீ வரவழைத்தார். அங்கே டவர் இல்லை, பனியில் கம்பம் சாய்ந்திருக்கும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். நம்புகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் ஒரு சாயங்காலம் நான் போனபோது, குளிரே இல்லாத நாளில், அவர் கடைக்குள் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழற்றிவிட்டுப் போட்டார், மறுபடி கழற்றினார். எத்தனை நேரத்தில் விரல் விறைக்கும் என்று மெர்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாடகத்தைத் தள்ளிவைக்கலாம் என்று ஸ்டீபன் சொன்னார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "நோட்டீஸ் அடிச்சாச்சு. சொன்ன தேதிக்குப் போடுங்க," என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கோடை விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரர்களும் பின்வரிசையில் நின்றார்கள். நான் பக்கத்திரைக்குப் பின்னால் வசனத்தோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு சொல் தவறாமல் பேசிக்கொண்டு வந்தார். விலை பேசுகிற இடங்களில் சனங்கள் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிப்பாய் காட்சி வந்தது. பையன் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

"இது உனக்கு எங்கே கிடைத்தது?" என்பது வசனம். அக்கா கம்பளியின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "இதப் போட்டிருந்தவன் எங்க?" என்று கேட்டார்.

நடித்த பையன் விழித்தான். அவன் பதில் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. நான் உள்ளிருந்து வசனத்தைச் சொன்னேன். அக்காவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன். இதப் போட்டிருந்த பையன் எங்க? எங்க உட்டுட்டு வந்த?"

பையன் பயந்து ஓரடி பின்னால் போனான். அப்போது நடுவரிசையிலிருந்து செல்வத்தின் அம்மா எழுந்து நின்றார். "எங்களுக்கும் அதான் தெரியணுமுங்க," என்றார். அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஸ்டீபன் திரையை இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன். "டீச்சர், நான் வசனத்த மாத்திட்டனுங்களா?" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் செல்வம் திரும்பி வந்தான். யார் யாரோ பேசி, நம் அரசாங்கம் வழியாகச் சிலரை மீட்டுவந்தார்கள். அவனுக்கு இடது காலில் விரல்கள் இல்லை; பனியில் கருகி எடுத்துவிட்டார்களாம். கிளியூருக்கு அக்கா தானே போனார். என்னையும் கூட வரச் சொன்னார். செல்வம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி சொன்னான். சமையலெல்லாம் ஒரு மாதம்தான். பிறகு துப்பாக்கியைக் கொடுத்து முன்னால் அனுப்பினார்கள். ஒரு காலையில் வெடிமருந்துப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு வெளியைக் கடக்கச் சொன்னார்கள். அருள் முன்னால் போனான். வெடித்தது. தூக்கப் போகவும் விடவில்லை.

"அவன் எடத்துல நான் போயிருக்கணுமுங்க. எங்கால்ல நடக்க முடியலைன்னு அவன் என் பெட்டியவும் சேத்து வாங்கிக்கிட்டான்."

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை. செல்வத்தின் காலைப் போர்த்தியிருந்த போர்வை விலகியிருந்தது. அதை இழுத்து மூடிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். "டீச்சர், ஸ்டேசனுக்குப் போலாமுங்க," என்றார். செல்வத்தின் அம்மா எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

போலீஸ் நிலையத்தில் ஏஜெண்டின்மேல் ஏற்கெனவே வழக்கு இருந்தது. எழுதுகிற இடத்தில் இருந்தவர் அக்காவை உட்கார வைத்து, மகன் விவரம் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று இதமாகச் சொன்னார்.

"அப்படி எழுதாதீங்க," என்றார் அக்கா. "அருளுக்கு நான் அம்மாங்க. மத்த பசங்களுக்கு நான் ஏஜெண்டு. அவங்கள அனுப்புனது நான். எம்பையன அனுப்பறேன்னு காட்டித்தான் அனுப்பினேன். ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

"அம்மா, நீங்க இப்ப மனசு சரியில்லாம பேசறீங்க. ஊட்டுக்குப் போங்க. பிறகு கூப்பிடறோம்."

"எழுதுங்க சார்."

அவர் எழுதவில்லை. மேலதிகாரி வரட்டும் என்றார். அக்கா வெளியே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மெர்சி வந்து கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அசையவில்லை. மூடுபனி இறங்கி எதிர்க்கடைகளை மறைத்தது. சுற்றுலா வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஒரு குடும்பம் அக்காவிடமே வந்து, இங்கே ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. அக்கா அவர்களை ஏறிட்டுப் பார்த்தார். வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அவர்களோடு வந்த சிறுமி நடுங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்து நின்றாள். அப்போதுதான் அக்கா அழுதார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, குரல் விட்டு அழுதார். அந்தக் குடும்பம் பயந்து நகர்ந்து போயிற்று.

செல்வத்தின் அம்மா எட்டத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழுகை ஓயும் வரைக்கும் கிட்டே வரவில்லை. ஓய்ந்த பிறகு வந்தார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை.

"எந்திரிங்க," என்றார். "பஸ்ஸு போயிரும். நாளைக்கும் வந்து உக்காரணுமில்ல. நானும் வர்றேன்."

அக்கா எழுந்தார். அவர் வீடும் கிளியூர் போகிற வழியில்தான்; இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அந்த அம்மாள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். அவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.